1971 டட்சன் 240இசட்: தகட்டில் ஒரு எண், எஞ்சினில் வேறு எண்

#1 சேக்ரமெண்டோ சரவணன்

வணக்கம். பல நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குக் குழப்பத்தோடு வந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு டட்சன் 240இசட் வாங்கினேன், நிசானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டாக்டன் பக்கம் ஒரு பாதாம் தோட்டத்துக் கொட்டகையில் பத்தொன்பது வருடம் நின்ற வண்டி. தோட்டக்காரர் காலமான பிறகு அவர் மகன் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார். சிவப்பு நிறம். நான்கு டயரும் தரையோடு தரை. உள்ளே எலிகள் மூன்று தலைமுறை குடித்தனம் நடத்திய வாசனை. டேஷ்போர்டு வெயிலில் வெடித்து வயல்வரப்பு மாதிரி கிடக்கிறது. கடிகாரம் ஓடவில்லை.

கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், 1972 மாடல் என்று இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் உள்ள தகட்டில் 7/71. சேஸி எண் டேஷ்போர்டு மேலும், கதவுத் தூணிலும், எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டில் அடித்த எழுத்திலும் ஒன்றாகவே இருக்கிறது, நல்லவேளை. ஆனால் எஞ்சின் அறைத் தகட்டில் எல்24 என்று, அதாவது 2.4 லிட்டர் எஞ்சினுக்கான, ஒரு எண். பிளாக்கில் ஆறாவது பிளக்குக்குக் கீழே கிரீஸைச் சுரண்டினால் எல்28 என்று வேறு ஒரு எண்.

என் கேள்வி இரண்டு. இது 71-ஆ 72-ஆ? இந்த எஞ்சினை என்ன செய்வது? கம்பெனியில் இருந்து வந்தபடியே ஆக்க வேண்டும் என்பதுதான் ஆசை. வீட்டில் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் வாங்கியது பாதிக்குத்தான்.

#2 பேப்பர் புலி

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வண்டி 1971 ஜூலையில் செய்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பல டைட்டில்கள் விற்ற வருடத்தை வைத்தே எழுதப்பட்டன. ஜப்பானின் ஹிராட்சுகா ஆலையில் இருந்து கப்பலேறி, டீலர் கைக்குப் போய், யாரோ பதிவு செய்யும்போது வருடம் மாறிவிடும். பாகம் வாங்கும்போது டைட்டிலைப் பார்க்காதீர்கள், கதவுத் தகட்டில் உள்ள மாதத்தைப் பாருங்கள். இந்த வண்டியில் மாற்றங்கள் மாடல் வருடத்துக்குக் காத்திருக்கவில்லை, இடையிலேயே ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் வந்த வண்டிகளில் காற்று வெளியேறும் துளைகள் பின்கதவில் இருந்தன, பக்கத் தூணில் '240இசட்' என்று எழுத்து. 1971 தொடக்கத்தில் துளைகள் தூணுக்குப் போய்விட்டன, அவற்றின் மேல் வட்டத்துக்குள் 'இசட்' சின்னம் வந்தது. உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் யாரோ பின்கதவை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் 1971 நடுவில் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கப்பட்டது, பக்கத்து ஷாஃப்ட்கள் நேராக நிற்பதற்காக. உங்கள் வண்டி சரியாக அந்த எல்லைக்கோட்டில் பிறந்தது. கேட்டலாக்கை நம்பி ஆர்டர் போடுவதற்கு முன்னால் கீழே படுத்துப் பாருங்கள்.

சேஸி எண்ணின் முன்னெழுத்துகளையும் எழுதுங்கள்.

#3 சேக்ரமெண்டோ சரவணன்

எச்எல்எஸ்30. பின்கதவில் துளை இல்லை, தூணில் வட்டச் சின்னம் இருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தேன். ஷாஃப்ட்கள் நேராகத்தான் தெரிகின்றன. சட்டையில் பத்தொன்பது வருட மண்.

#4 டொரண்டோ குகன்

சரவணன், வாழ்த்துகள். நான் இரண்டு இசட் வைத்திருந்தவன், இப்ப ஒன்றுதான் மிச்சம். மற்றது துருவாய்ப் போய்ச் சேர்ந்தது. இங்கத்தைய உப்பு அப்படி.

எல்28 என்றால் 1975 முதல் வந்த 280இசட் அல்லது அதற்கு அடுத்த 280இசட்எக்ஸ் வண்டியின் எஞ்சின். 2393 சிசிக்குப் பதில் 2753 சிசி. வெளிப்பார்வைக்கு ஒரே குடும்பம், போல்ட் இடங்களும் பொருந்தும். அதனாலேயே எண்பதுகளில் எல்லோரும் இந்த மாற்றத்தைச் செய்தவை. பழைய எஞ்சின் புகை விட்டால் உடைப்புக் கடையில் மோதின 280இசட்டைத் தேடுவினம், அவ்வளவுதான்.

ஒரு வேலை செய்யுங்கோ. சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் வார்ப்பு எழுத்து இருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கோ. கார்புரேட்டர் மூடி உருண்டையா தட்டையா என்றும் பாருங்கோ.

#5 சேக்ரமெண்டோ சரவணன்

ஹெட்டில் ஈ88. கார்புரேட்டர் இரண்டும் உருண்டை மூடி. மூடியில் மூன்று திருகு.

#6 டொரண்டோ குகன்

அப்ப பாருங்கோ, தலை பழசு, உடம்பு புதுசு! ஆரம்ப வண்டிகளில் ஈ31 ஹெட், 1971 போக்கில் ஈ88 வந்தது. உங்களுடைய ஹெட் அந்த வண்டியோடேயே வந்ததாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல ஏலாது, ஹெட்டில் சேஸி எண் இல்லை. ஆனால் எல்24 ஹெட்டைக் கழற்றி எல்28 பிளாக்கில் ஏற்றுவது அந்தக் காலத்துக் கைவைத்தியம்.

மூன்று திருகு கார்புரேட்டர் என்றால் 1970, 71 காலத்து ஹிட்டாச்சி. 72-இல் நான்கு திருகு வந்தது, 73-இல் தட்டை மூடி. அந்தத் தட்டை மூடியைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் மட்டுறுத்துநர் என்னைத் தடை செய்வார். உங்களிடம் இருப்பது நல்லது. கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: முன்கார்புரேட்டரின் மூடியும் பிஸ்டனும் அதற்கே சோடி. பின்னதோடு மாற்றிப் போட்டால் பிஸ்டன் இறுகி நிற்கும், பிறகு ஒரு கிழமை தலையைச் சொறிவீர்கள். இரண்டு வேறு தட்டில் வையுங்கோ.

#7 ராஜா_எல்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? 2020 ஜனவரியில் ஒரு 240இசட் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. எல்24 பிளாக் ஒன்று வாங்குங்கள். அதில் இருக்கும் எண்ணை அரைத்துவிட்டு, தகட்டில் இருக்கும் எண்ணை அடியுங்கள். எழுத்து அச்சு கிடைக்கிறது. மேட்சிங் நம்பர், அதாவது தகடும் எஞ்சினும் ஒரே எண், என்று விற்றுவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

#8 பேப்பர் புலி

நான் பார்ப்பேன்.

நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. இந்த வண்டிகளைத் தெரிந்தவர் பிளாக்கில் எண் அடித்த அந்த மேடையை டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். ஆலையில் மில்லிங் செய்த மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் இருக்கும். அரைத்தால் அவை போய்விடும், எழுத்தின் ஆழமும் வரிசையும் ஒத்துவராது. மேட்சிங் என்று சொல்லி விற்றால் அது மோசடி, வழக்கு வரும். சேஸி எண்ணில் கை வைத்தால் நேராகச் சிறை.

நீங்கள் சொன்ன 3,10,000 டாலர் வண்டி ஏறக்குறைய 21,000 மைல் மட்டுமே ஓடியது. ஐம்பது வருடம் யாரும் அதைக் கெடுக்கவில்லை என்பதற்குத்தான் அந்த விலை. அதை வைத்து மற்ற வண்டிகளுக்கு விலை போடுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாநிலத்தில் முதல் வந்தான் என்று நம் தெருவுக்கே மார்க் போடுவது மாதிரி.

#9 கிள்ளான் மணி

புலி சொல்வதை நானும் பிடித்துக்கொள்கிறேன். எண்ணில் விளையாடினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியக் கார்களில் ஒரே ஒரு எழுத்து காட்டும். எஸ்30 என்றால் ஜப்பானுக்குள் விற்ற ஃபேர்லேடி இசட், இரண்டு லிட்டர் எல்20 எஞ்சின். முன்னால் எச் வந்தால் 2.4 லிட்டர். எல் வந்தால் இடப்பக்க ஸ்டியரிங். பி வந்தால்? பிஎஸ்30. அதுதான் இசட்432. பந்தய ஸ்கைலைன் ஜிடி-ஆரில் இருந்த அதே எஸ்20 எஞ்சின். ஒரு சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம்ஷாஃப்ட், அதனால் 432. மொத்தம் 420 அளவில்தான் செய்தார்கள்.

ஸ்கைலைனிலும் அதே கதை. சாதாரண ஹார்ட்டாப் கேஜிசி10. ஜிடி-ஆர் ஹார்ட்டாப் கேபிஜிசி10. நடுவில் ஒரு பி, விலையில் ஒரு வீடு. சாதாரண வண்டிக்குப் பின்சக்கர வளைவை வெட்டி, ஜிடி-ஆர் பட்டை ஒட்டி, வேடம் போட்டவை எத்தனையோ. வேடம் போடுவதில் தப்பில்லை, பார்க்கவும் ஓட்டவும் அழகாகத்தான் இருக்கும். அதைச் சொல்லாமல் விற்பதில்தான் தப்பு.

#10 ராஜா_எல்

சரி சரி, சும்மா சொன்னேன். எல்லாரும் சேர்ந்து அடிக்காதீர்கள்.

#11 சேக்ரமெண்டோ சரவணன்

எனக்கும் அந்த யோசனை கொஞ்ச நேரம் தலையில் ஓடியது, மறைக்க மாட்டேன். புலி சாரின் 'நான் பார்ப்பேன்' போதும்.

மணி அண்ணா, உங்களிடம் இருப்பது எது? ஜப்பானில் இருந்து வந்ததா?

#12 கிள்ளான் மணி

ஆமாம் தம்பி, ஃபேர்லேடி இசட் இரண்டு லிட்டர். இங்கே என் அப்பா காலத்தில் தெருவுக்கு நாலு டட்சன் 120ஒய் நிற்கும். ஆனால் இசட்டைப் படத்தில்தான் பார்த்தோம். ஓய்வுபெற்ற பிறகுதான் வாங்க முடிந்தது.

வாங்கியபோது எனக்கு உதவியது ஒரு பழைய போட்டோ. ஏலப் படங்களில் வண்டி ஜப்பான் எண்பலகையோடு நின்றது. ஏற்றுமதியின்போது பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் படத்தில்தான் பார்க்க முடியும். ஜப்பானில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வகை எண் இருக்கும். இரண்டு லிட்டருக்குள் இருக்கும் சிறிய கார் என்றால் 5-இல் தொடங்கும், அதற்கு மேல் என்றால் 3-இல் தொடங்கும். விற்றவர் 'ஒரிஜினல் எல்20' என்று எழுதியிருந்தார். பலகையில் 33! அதாவது யாரோ பெரிய எஞ்சின் வைத்து, அதை முறைப்படி அரசாங்கத்தில் காட்டி, வகை மாற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டேன். அரை மணி நேரத்தில் விலை இறங்கியது.

அந்த 33-இல் இன்னொரு செய்தியும் இருந்தது. வகை எண் இரண்டு இலக்கம் என்றால் தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று இலக்கம் வருவதற்கு முன்னால் பதிந்தது. ஆள் மாறி, ஊர் மாறினால் புதுப் பலகை வந்துவிடும். அப்படியென்றால் வண்டி வெகுகாலம் ஒரே பகுதியில் இருந்திருக்கிறது. ஜப்பானில் பழைய வண்டிக்காரர்கள் இந்தப் பலகையைத் தாலி மாதிரிக் காப்பாற்றுவார்கள்.

சரவணன், உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது காகிதம் கிடைத்ததா? சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, கருவிப் பெட்டிக்குள்?

#13 சேக்ரமெண்டோ சரவணன்

எலிகள் தின்றது போக ஒன்று கிடைத்தது. கார்ப்பெட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த பாதி ரசீது. 1986. கடைப் பெயர் கிழிந்துவிட்டது. "யூஸ்ட் எஞ்சின், லேபர், கிளட்ச் பிளேட்" என்று மூன்று வரி.

கிடைத்ததும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

#14 பேப்பர் புலி

அதை லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத உறையில் போட்டு, இருட்டில் வையுங்கள். முதலில் இருபுறமும் படம் எடுங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1971-இல் பிறந்தது, பதினைந்து வருடம் பழைய எஞ்சினில் ஓடியது, பிறகு இந்த எஞ்சின். இரண்டாவது எஞ்சின் முதலாவதைவிட அதிக காலம் அதில் இருந்திருக்கிறது. கம்பெனியில் இருந்து வந்தபடி ஆக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது எந்த நாளுக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

#15 டொரண்டோ குகன்

நான் மாறி நிற்கிறேன், புலி. அசல் அசல்தான். எல்24-இன் சத்தம் வேறு. எல்28 கீழே இழுக்கும், ஓம். ஆனால் 240 சந்தோசமாய் மேலே சுற்றும். இசட்டுக்குப் பெயரே அந்த 2.4 லிட்டரில் இருந்து வந்தது. ஜப்பானில் ஃபேர்லேடி என்று வைத்த பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று அங்கே நிசானை நடத்திய யுடாகா கட்டயாமா அந்த எழுத்தைக் கழற்றச் சொல்லி 240இசட் என்று மாட்ட வைத்தாராம். அந்த எண் முதுகில் நிற்கிற வண்டிக்குள் 280 உட்கார்ந்திருந்தால் எனக்குச் சரி வராது.

#16 கோவை டிங்கர்

எஞ்சினைப் பற்றி ஒரு வாரமாகப் பேசுகிறீர்கள். தரையை யாராவது பார்த்தீர்களா?

நான் ஜப்பான் வண்டி தொட்டது குறைவு. ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் என்று முப்பத்தைந்து வருடம் தகரம் தட்டியவன். பிரீமியர் 118என்இ நிறைய பார்த்திருக்கிறேன். அதில் இருந்தது நிசானின் ஏ12 எஞ்சின், மணி அண்ணன் சொன்ன 120ஒய்யில் இருந்த அதே குடும்பம். துரு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் தின்னும். சரவணன், பேட்டரி எங்கே உட்காருகிறது? அதற்குக் கீழே என்ன இருக்கிறது? ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல தகரம் 'டங்' என்னும், பட்டி வைத்தது 'தொப்' என்னும். காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே தகரம் இல்லை, பட்டி.

#17 சேக்ரமெண்டோ சரவணன்

ஐயா, குத்தினேன். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. கைப்பிடி வரைக்கும்.

பேட்டரித் தட்டு ஓட்டை. அதற்கு நேர் கீழே, தரைக்கு அடியில் ஓடும் சட்டம் வலது பக்கம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கம் பரவாயில்லை. பின்சக்கர வளைவுக்கு முன்னால் நாய்க்கால் மாதிரி வளையும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை, இருபுறமும். ஸ்பேர் டயர் குழி சுமார். வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டியில் ஒரு கூடை பாதாம் இலை.

#18 டொரண்டோ குகன்

அதுதான் இசட்டின் தலையெழுத்து. பேட்டரி அமிலம் ஃபயர்வால் வழியாக வடிந்து சட்டத்துக்குள்ளே போகும். உள்ளே தேங்கும். வெளியில் தார்ப்பூச்சு இருக்கிறதால் ஒன்றும் தெரியாது. என்னுடைய முதல் இசட் அப்படித்தான் போனது.

#19 கோவை டிங்கர்

சரி, இப்போது நிதானமாகக் கேளுங்கள். எஞ்சின் எந்த எண் என்பது அப்புறம். முதுகெலும்பு இல்லாத ஆளுக்குச் சட்டை தைக்க முடியாது.

சட்டம் இரண்டையும் மாற்றப்போவது என்றால் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். கதவைக் கழற்றாமல் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள், கதவு இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து கதவின் மேலேயே பென்சிலில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு வெல்டுக்கும் பிறகு கதவைத் திறந்து மூடுங்கள். இழுக்கிறது என்றால் உடம்பு முறுக்குகிறது, நிறுத்திவிடுங்கள். ஜாக் ஸ்டாண்டை வண்டியின் பாரம் சாதாரணமாக எங்கே உட்காருமோ அங்கேதான் கொடுக்க வேண்டும், நடுவில் கொடுத்தால் வாழைப்பழம் மாதிரி வளையும்.

ஸ்பாட் வெல்டுகளை அதற்கான பிட் போட்டு மேல் தகட்டை மட்டும் துளையுங்கள், அடித் தகட்டை ஓட்டை போடாதீர்கள். மூடும் முன் உள்பக்கம் ஜிங்க் பிரைமர், எல்லாம் முடிந்த பிறகு உள்ளே மெழுகு. அவசரப்பட்டு மணல் அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்று பானட்டையும் கூரையையும் கொடுத்துவிடாதீர்கள். மெல்லிய தகரம் அலை அலையாகிவிடும். அதை நேராக்க என்னை மாதிரி ஆள் மூன்று மாதம் சாப்பிடுவான்.

#20 கிள்ளான் மணி

ஐயா எழுதியதை நான் அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன் லா.

ஒன்று சேர்க்கிறேன். பின்விளக்கு கேஸ்கட், பின்கதவு ரப்பர் இரண்டையும் இப்போதே ஆர்டர் செய்யுங்கள். இவை காய்ந்திருந்தால் ஓடும்போது சைலன்சர் புகை பின்னால் சுழன்று உள்ளே வரும். எஞ்சின் கோளாறு என்று நினைத்துக் கார்புரேட்டரைப் போட்டுக் குடைபவர்கள் உண்டு. நானே இரண்டு வாரம் குடைந்தேன்.

ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. ஐம்பது வருடப் பழைய செம்பு அது. ஃபியூஸ் பெட்டி உருகிய வண்டி நிறைய. இரண்டு ரிலே போட்டுவிடுங்கள். அசல்காரர்கள் திட்டினால் தெரியாத இடத்தில் மறைத்து வையுங்கள்.

#21 டொரண்டோ குகன்

ரிலேக்கு அசல்காரரும் ஒத்துக்கொள்ளுவினம். நெருப்புப் பிடித்தால் அசல் எங்கே, நகல் எங்கே!

#22 ராஜா_எல்

ஒரு சந்தேகம், நிஜமான சந்தேகம். இந்த வண்டியை வரைந்தது பிஎம்டபிள்யூ 507-ஐ வரைந்த கோயர்ட்ஸ் என்கிறார்களே?

#23 பேப்பர் புலி

அறுபதுகளில் கோயர்ட்ஸ் நிசானுக்கு ஆலோசகராக இருந்தது உண்மை. இசட்டை வரைந்தது நிசானுக்குள்ளேயே யோஷிஹிகோ மட்சுவோ தலைமையில் இருந்த குழு. ஐரோப்பியப் பெயர் ஒட்டினால் மதிப்புக் கூடும் என்று நினைத்த காலத்தில் அந்தக் கதை நன்றாக ஓடியது. மட்சுவோவின் பெயரைச் சொல்லிப் பழகுவோம்.

இன்னொரு பெயரும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லாததால். 1973 சஃபாரி ராலியை 240இசட்டில் ஜெயித்தவர் சேகர் மேத்தா, கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர். பிறகு அதே ராலியை இன்னும் நான்கு முறை ஜெயித்தார். நம் ஊரில் அவரைக் கிரிக்கெட் ஆடாத பாவத்துக்கு மறந்துவிட்டார்கள்.

#24 சேக்ரமெண்டோ சரவணன்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், கையில் எப்போதும் கிரைண்டர்.

வலது சட்டம் முடிந்தது. டிங்கர் ஐயா சொன்னபடி கதவில் பென்சில் எண்கள். ஒருமுறை இழுத்தது, நிறுத்திவிட்டு மறுநாள் எதிர்ப்பக்கத்தில் இருந்து வெல்டு வைத்தேன், திரும்பி வந்தது. இடது பக்கம் அடுத்த மாதம்.

இன்று எழுதக் காரணம் வேறு. பின்விளக்குகளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பேனலைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு இல்லை. ஆரஞ்சு! டேஷ்போர்டுக்கு அடியிலும் ஆரஞ்சு. ரேடியேட்டர் தாங்கியில் நிறச் சீட்டு இருந்த இடம் காலி.

#25 டொரண்டோ குகன்

918! அந்த ஆரஞ்சுக்கு நிசானின் எண் 918. இந்த உலகத்தில் இசட்டுக்கு என்று கடவுள் படைத்த நிறம் அதுதான். சிவப்பை உடனே சுரண்டுங்கோ.

#26 சேக்ரமெண்டோ சரவணன்

அங்கேதான் பிரச்சினை, குகன் அண்ணா. மகளுக்கு எட்டு வயது. கொட்டகையில் இருந்து இழுத்து வந்த நாளில் இருந்து 'செவப்புக் காரு' என்றுதான் கூப்பிடுகிறாள். ஆரஞ்சு என்று சொன்னேன். 'அது வேற காரு' என்றுவிட்டாள்.

#27 பேப்பர் புலி

பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. அதற்குள் அவளுக்கு ஒன்பது, பத்து வயதாகிவிடும். முடிவை அவளிடமே விடலாம்.

எந்த நிறம் அடித்தாலும் பின்விளக்குப் பேனலுக்குப் பின்னால் உள்ள ஆரஞ்சை மட்டும் தொடாதீர்கள். அடுத்தவர் கழற்றிப் பார்க்கட்டும்.

#28 டொரண்டோ குகன்

சரவணன், ஒரு சேதி. இங்கே ஒருவர் எல்24 பிளாக் ஒன்று விற்கிறார். உங்களுடைய எண் இல்லை, ஆனால் தகட்டில் உள்ளதற்குக் கிட்ட வருகிற எண், 71 நடுப்பகுதியாகத்தான் இருக்கும். போரிங் இன்னும் செய்யலாம். வேண்டுமா? அனுப்புகிற செலவு பிளாக்கின் விலையில் பாதி வரும்.

#29 சேக்ரமெண்டோ சரவணன்

இரண்டு நாள் யோசித்தேன், அண்ணா. மனதார நன்றி. வேண்டாம்.

அந்த பிளாக் வேறு ஒரு வண்டியின் பிளாக். என் வண்டியில் அது மூன்றாவது எஞ்சினாக இருக்கும், அசலாக இருக்காது. 280-ஐப் பிரித்துப் பார்த்தேன், சிலிண்டர் நன்றாக இருக்கிறது, பேரிங்குகள் புதிதாகப் போட்டால் போதும். தகட்டில் எல்24 எண் அப்படியே இருக்கும். பிளாக்கில் எல்28 எண் அப்படியே இருக்கும். ரசீது உறைக்குள் இருக்கும். என்றைக்காவது விற்றால் மூன்றையும் காட்டித்தான் விற்பேன். விற்க மாட்டேன் என்பது வேறு.

#30 டொரண்டோ குகன்

விளங்குது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் விளங்குது. அந்த பிளாக்கை நானே வாங்கப் போகிறேன் போல. மனிசிக்குச் சொல்லாதேங்கோ.

#31 சேக்ரமெண்டோ சரவணன்

மணி அண்ணா, உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள் என்று வேறு ஓர் இழையில் எழுதியிருந்தீர்கள். இன்று கதவுக்குள் இருக்கும் அட்டையைக் கழற்றினேன். அதன் முதுகில் மஞ்சள் சாக்பீஸில் ஒரே ஒரு எழுத்து. படம் போட்டிருக்கிறேன். மேலே ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டிக்கொண்டு இடப்பக்கம் இறங்கும் ஒரு சாய்கோடு, கீழே ஒரு சின்னச் சதுரம்.

1971 ஜூலையில் ஹிராட்சுகாவில் யாரோ ஒருவர் எழுதியது. ஐம்பது வருடமாக யாரும் பார்க்கவில்லை. பெயரா? வண்டிக்கு யாராவது ஆர்டர் கொடுத்த ஊரா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

#32 கிள்ளான் மணி

மகளிடம் காட்டினேன் தம்பி. பார்த்தவுடனே சிரித்துவிட்டாள். கீழே சதுரம் இருந்தால் 'வலது' என்று பொருளாம். நீங்கள் கழற்றியது வலது கதவா?

#33 சேக்ரமெண்டோ சரவணன்

ஆமாம்.